மலை வீட்டு இரவுச் சாப்பாடு: களியா, சாமையா, சப்பாத்தியா, தோசையா?

இரவுச் சாப்பாட்டை மாற்றுவது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டால், அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கும். எதற்கு மாற்றுவது? குன்னூரில் எங்கள் வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை. கணவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். மகள் பத்தாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. ஐந்து பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சமையல். நோய் உள்ளவருக்கு மட்டும் தனிப் பத்தியச் சாப்பாடு செய்வதை நான் ஏற்பதில்லை. அப்படி ஒதுக்கி வைத்தால், தட்டில் இருப்பதை அவர் தண்டனையாகத்தான் பார்ப்பார். நாலு நாளில் யாருக்கும் தெரியாமல் சோற்றுக்குத் திரும்பிவிடுவார். எல்லோரும் ஒரே உணவைச் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் முதல் நிபந்தனை. சமையலில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது இரண்டாவது.

ராகிக் களியும் அவரைக் குழம்பும், சாமைச் சோறும் பயறுக் குழம்பும், சப்பாத்தியும் காய்கறிக் குருமாவும், சிறுதானிய இட்லி தோசை. இந்த நான்கையும் மாறி மாறிச் செய்து பார்த்திருக்கிறோம். மலையில் குடியிருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சமவெளியில் எழுதப்படும் சமையல் குறிப்புகளில் தண்ணீர் அளவும் நேரமும் விசில் கணக்கும் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. அவற்றை நம்பித் தொடங்கிவிட்டு, சிறுதானியமே சரியில்லை என்று கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

காரணம், உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 93 டிகிரிக்கும் சற்றுக் கீழே. கொடைக்கானலும் ஊட்டிக்கு நெருக்கம்தான். தண்ணீர் தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அதற்கு மேல் சூடு ஏறாது. அடுப்பைக் கூட்டி எரித்தால் தண்ணீர் வற்றும், கேஸ் தீரும், அவ்வளவுதான்.

மாவுப் பொருளுக்கு இந்தக் குறைந்த சூடு ஒரு தடையே அல்ல. ராகி மாவோ சாமையோ வேகத் தொடங்குவதற்கு எழுபது டிகிரிச் சுற்று வெப்பம் போதும். சிக்கல் முழுப் பயறில்தான். உலர்ந்த அவரை, கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றின் தோலும் உள்நாரும் இளகுவதற்கு உயர்ந்த சூடு வேண்டும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் இங்கே மணிக்கணக்கில் அடுப்பைக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். குக்கரிலும் வித்தியாசம் உண்டு. குக்கரின் வெயிட் தருகிற அழுத்தம் எங்கும் ஒன்றுதான். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே குறைவு என்பதால், சமவெளியில் 120 டிகிரியை எட்டும் உள்வெப்பம் இங்கே 116, 117 டிகிரியோடு நின்றுவிடும். ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விட்டால் சரியாகிவிடும். ராஜ்மாவில் மட்டும் அலட்சியம் கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுப் புரதம் இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரிலேயே நன்றாக வேகவைக்க வேண்டும். சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா சேர்ப்பவர்கள் அதை விட்டுவிடலாம். அது பயறில் உள்ள தயமினை, அதாவது பி1 வைட்டமினை, அழிக்கிறது.

நான்கையும் எந்த அளவுகோலால் அளப்பது? இதற்குக் குன்னூரிலேயே ஒரு விடை இருக்கிறது. இங்குள்ள பாஸ்டர் நிலையத்தில்தான் 1918இல் பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் ஊட்டச்சத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து மெக்காரிசன் ஒப்பிட்டபோது, சீக்கியர்களின் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. சோற்றை மையமாகக் கொண்ட சென்னை மாகாண உணவைத் தின்றவை கடைசி வரிசையில் இருந்தன. இதைக் கேட்டதும் கோதுமை உயர்வு, அரிசி தாழ்வு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த முதல் தட்டில் முழுக் கோதுமை ரொட்டியோடு பாலும் வெண்ணெயும் பருப்பும் பச்சைக் காய்கறியும் பழமும் இருந்தன. கடைசித் தட்டில் தீட்டிய அரிசி குவிந்திருந்தது. மற்றவை பெயருக்கு இருந்தன.

அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம். நம் வீடுகளில் தானியம் இந்த அளவைத் தாண்டுகிறது. பருப்பும் காயும் பாதியைக்கூட எட்டுவதில்லை. அரிசியை எடுத்துவிட்டு அதே குவியலாகத் தினையையோ சாமையையோ வைத்தால் மாற்றம் கொஞ்சம்தான். எனவே எந்த உணவு தானியத்தைத் தானாகக் குறைத்து, குழம்பையும் காயையும் தட்டில் பெரிதாக்குகிறது என்று பார்த்தேன். அதுதான் என் அளவுகோல்.

களியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இது இந்த மண்ணின் உணவு. தேயிலை மலைச்சரிவுகளை மூடுவதற்கு முன்னால் இங்கே ராகியும் சாமையும்தான் விளைந்தன. படுகர் வீடுகளில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் இன்றும் பழக்கமான இணை. 2023இல் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி வழங்கும் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது நீலகிரியிலும் தருமபுரியிலும்தான். நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். வளரும் பிள்ளைகளும் எலும்பு தேயும் வயதில் ஒரு பாட்டியும் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். ராகியில் உள்ள பைட்டேட் என்ற வேதிப்பொருள் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாது என்பது உண்மை. ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் அது குறையும். இந்தக் குளிரில் முளைவிடக் கூடுதலாக ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

களி கிண்டுவது வீடே கூடிச் செய்யும் வேலை. வாயகன்ற கனமான பாத்திரத்தில் ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து, ஒரு பிடி நொய்யரிசியை அதிலேயே குழைய வேகவிடுவோம். கொதி வந்ததும் மாவை நடுவில் ஒரே குவியலாகக் கொட்ட வேண்டும், கலக்கக் கூடாது. களிக்கோலின் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு குழி குத்திவிட்டு, தீயைக் குறைத்து மூடிவைத்தால், தண்ணீர் அந்தக் குழி வழியாகக் குமிழ்விட்டு ஏறி மாவை உள்ளிருந்து வேகவைக்கும். மாவின் பச்சை வாசம் போய் மண்வாசனை போன்ற ஒரு மணம் எழும். அப்போது பாத்திரத்தைத் தரையில் இறக்கி, இரண்டு பக்கமும் துணியால் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் கோலால் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். எங்கள் வீட்டில் பிடிப்பது மகள், கிண்டுவது கணவர். கட்டி இல்லாமல் வந்ததா என்று விரலில் தண்ணீர் தொட்டு அழுத்திப் பார்த்துச் சொல்வது மாமியார். அவர் சரி என்று தலையசைக்கும் வரை கோல் நிற்காது. ஈரக்கையால் உருட்டுவது மகன். இத்தனை பேருக்கு வேலை தரும் இன்னொரு உணவை நான் காணவில்லை.

தட்டிலும் களி என் அளவுகோலுக்குப் பொருந்துகிறது. ஒரு உருண்டைக்கு மேல் யாராலும் எளிதில் சாப்பிட முடியாது. குழம்பு இல்லாமல் களி தொண்டையில் இறங்காது. எனவே தானியம் குறைகிறது, அவரை கூடுகிறது. உலர்ந்த பயறு வகைகளில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ இருபது கிராம் புரதம் உண்டு. பருவத்தில் பச்சை பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ் கிடைத்தால் உரித்துப் போடலாம். ஊறவைக்கும் வேலையே இல்லை.

ஆனால் தினசரி இரவுக்குக் களியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம் குளிர். டிசம்பர், ஜனவரியில் இரவு எட்டு மணிக்குத் தட்டில் வைத்த களி ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். டியூஷன் முடிந்து ஒருவர், வேலை முடிந்து ஒருவர் என்று தனித்தனியாக வந்து சாப்பிடும் வீட்டில் கடைசியாக வருபவருக்கு அது உணவாக இருக்காது. மீண்டும் சூடாக்கினாலும் பழைய பதம் வராது. இரண்டாவது காரணம் சர்க்கரை. மாவாக அரைத்த தானியம் முழுத் தானியத்தைவிட வேகமாகச் செரித்து ரத்தத்தில் சர்க்கரையாகச் சேரும். ராகி என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்று நினைத்து, அதைக் கஞ்சியாகக் காய்ச்சி டம்ளர் டம்ளராகக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயறோடும் காயோடும் சேர்த்து ஒரு சிறிய உருண்டை என்றால் பாதகமில்லை.

சாமை இந்த இரண்டு குறைகளையும் தாண்டுகிறது. அது முழுமணியாகவே வேகிறது. ஆறினாலும் உதிரியாக இருக்கும். சூடாக்கினால் பழையபடி ஆகும். சோறு என்ற உருவம் மாறாததால் குழம்பு, ரசம், மோர் எல்லாம் பழகிய வரிசையிலேயே வரும். சோற்றைக் கைவிட மனமில்லாத மாமியாரிடம் முதல் நாளிலேயே எதிர்ப்பில்லாமல் நுழைந்தது சாமை மட்டும்தான். நார்ச்சத்தும் தீட்டிய அரிசியைவிட அதிகம், ஆகவே கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்ததாகத் தோன்றும்.

வாங்குவதில்தான் கவனம் வேண்டும். பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் சாமை அதிகம் தீட்டப்பட்டது. தவிடு போன பிறகு அதற்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பதைத் தேடி வாங்குங்கள். அதில் தவிட்டின் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறல் வாசம் வரும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும். குறுமணலும் கல்லும் இருக்கும், அரித்துத்தான் ஆக வேண்டும். இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, சாமையைத் தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாய்த்தால், மணி மிதந்து போகும், கல் அடியில் தங்கும். இதை மகனிடம் விட்டிருக்கிறேன். அடியில் ஒரு கல்லைக் கண்டுபிடித்துவிட்டால் அவன் அதை எல்லோரிடமும் காட்டாமல் விடமாட்டான். தான் அரித்த சாமையை மிச்சம் வைக்கவும் மாட்டான்.

அரை மணி நேரம் ஊறவைத்து, திறந்த பாத்திரம் என்றால் ஒன்றுக்கு இரண்டே முக்கால் அல்லது மூன்று பங்கு தண்ணீர் வைக்கலாம். புத்தகங்களில் இரண்டு என்றுதான் இருக்கும். இங்கே கொதிநேரம் நீள்வதால் ஆவியாகிற தண்ணீரும் அதிகம். முக்கால் பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, கனமான மூடி போட்டு, மேலே ஒரு தடித்த துணியைச் சுற்றி கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். மீதி அதுவே வேகும்.

அரிசியைவிட விலை அதிகம் என்பது சாமையின் உண்மையான குறை. தினமும் முடியாத வீட்டில் பாதி சாமை, பாதி புழுங்கலரிசி கலந்தும் வைக்கலாம். புழுங்கலரிசியை நான் தாழ்த்திப் பேச மாட்டேன். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியில் தீட்டும்போதே அது போய்விடும். சிறுதானியம் வாங்க வசதியில்லாதவர்கள் பச்சரிசியிலிருந்து புழுங்கலுக்கு மாறி, குழம்பில் ஒரு பிடி பயறு கூட்டினாலே பயன் இருக்கிறது.

சப்பாத்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டா மாவு நல்ல உணவுதான். நார்ச்சத்தும் உண்டு, புரதமும் அரிசியைவிட அதிகம். பிள்ளைகள் விரும்பித் தேய்ப்பார்கள். குளிரில் மாவு விறைக்கும், வெந்நீர் விட்டுப் பிசைந்தால் போதும். நிற்க வேண்டிய நேரம்தான் நீளம்: ஐந்து பேருக்குச் சுட்டு முடிப்பதற்குள் முதலில் உட்கார்ந்தவர் எழுந்துவிடுவார், சுடுகிறவர் கடைசியில் தனியாகச் சாப்பிடுவார். எல்லோரும் சேர்ந்து சாப்பிடத்தானே இந்த முயற்சி? இன்னொன்று, சப்பாத்திக்கு நம் வீடுகளில் உருளைக்கிழங்குக் குருமாதான் வருகிறது. இந்த மலையில் உருளைக்கிழங்கு மலிவு, சுவையும் அதிகம். ஆனால் அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாவுச்சத்தில் அது தானியத்தின் பக்கம் நிற்பது. சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் என்றால் தானியத்துக்குத் தானியத்தையே தொட்டுக்கொள்வதாக ஆகிவிடும். கேரட், பீன்ஸ், நூல்கோல், பச்சைப் பட்டாணி என்று போட்டு, தேங்காயைக் குறைத்தால் குருமாவும் நல்லதே.

இட்லி, தோசை என்றால் பிள்ளைகளிடம் மறுப்பே வராது. அரிசிக்குப் பதில் சாமையோ ராகியோ போட்டு உளுந்தோடு அரைத்தால் சிறுதானியமும் சேரும், உளுந்தின் புரதமும் சேரும். மாவு புளிக்கும்போது சில பி வைட்டமின்கள் கூடவும் செய்கின்றன. தடை இங்குள்ள தட்பவெப்பம்தான். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 32 டிகிரி வரை வெப்பம் வேண்டும். ஜனவரி இரவில் எங்கள் சமையலறை பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். வெந்நீர் நிரம்பிய அண்டாவுக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே கம்பளி போர்த்தி, ஒரு தேக்கரண்டி வெந்தயமும் சேர்த்து அரைத்து, என்னென்ன செய்தாலும் சில நாள் பொங்கும், சில நாள் பொங்காது. மறுநாள் இரவுச் சாப்பாட்டை இப்படி ஒரு நிச்சயமின்மையின் மேல் வைக்க முடியாது. மேலும் நைசாக அரைத்த மாவு எதுவானாலும் சர்க்கரை உள்ளவருக்கு எண்ணிச் சாப்பிட வேண்டியதுதான், ஆனால் தோசை எண்ணிச் சாப்பிடும் உணவாக இருப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களுக்கு இதை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

குழம்பில் எந்தத் தானியத்தோடும் சேரக்கூடிய ஒரு பொருளை இங்கே சொல்லியாக வேண்டும். பீட்ரூட், முள்ளங்கி, நூல்கோல் வாங்கும்போது அவற்றின் தழையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தருவதுதான் சந்தை வழக்கம். கிள்ளாமல் தரச் சொல்லுங்கள். மூன்றுமே நல்ல கீரை. மருந்து தெளிக்கும் தோட்டங்கள் அதிகம் என்பதால் ஓடுகிற தண்ணீரில் இலை இலையாக அலச வேண்டும். பூண்டு தட்டிப் போட்டு, அவரைக் குழம்பு இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் நறுக்கிச் சேர்த்தால், நானூறு கிராம் காய்கறிக் கணக்கில் ஒரு பகுதி தனிச் செலவில்லாமல் நிறைந்துவிடும். கணவருக்கு உப்பைக் குறைத்ததையும் இந்தப் பூண்டும், கடைசியில் பிழிகிற எலுமிச்சையும்தான் ஈடுசெய்கின்றன.

மாலை ஐந்தரைக்குத் தேநீரோடு வர்க்கி தின்னும் பழக்கம் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. அது மைதாவும் கொழுப்பும். பிள்ளைகள் நாலு வர்க்கி தின்றுவிட்டால் எட்டு மணிக்கு எந்த உணவும் எடுபடாது. பள்ளிவிட்டு வந்ததும் வேகவைத்த பட்டாணியோ கேரட்டோ கொடுத்து, இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முன்னால் கொண்டுவந்தது, தானியத்தை மாற்றியதைவிட அதிகப் பலன் தந்தது என்றே நினைக்கிறேன்.

என் தேர்வு இதுதான்: வாரநாள் இரவுகளில் சாமையும் முழுப்பயறுக் குழம்பும், கையில் காசு இறுகும் வாரங்களில் புழுங்கலரிசி கலந்து. ஞாயிறு மதியம் களி. அப்போதுதான் எல்லோரும் வீட்டில் இருப்போம், வெயிலும் இருக்கும். அதற்குச் சனிக்கிழமை மாலையே அவரையை ஊறப்போட்டுவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் எட்டு மணி நேரம் போதாது, பன்னிரண்டு வேண்டும். சப்பாத்தி, அவசரத்துக்கும் விருந்தாளிகளுக்கும்.

எல்லா வீட்டுக்கும் இதே வரிசை பொருந்தாது. பல் இல்லாத பெரியவர் இருந்தால் களியை முன்னுக்குக் கொண்டுவரலாம். அவரைத் தோலை மட்டும் பிதுக்கி எடுத்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறையும் கீரையையும் கூட்டுவதற்கு முன்னால் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்களும் இரவுத் தானியத்தைக் குறைக்கும்போது மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு உயரமும் குறைவு, குளிரும் குறைவு; அங்கே மாவு ஒழுங்காகப் பொங்கும் என்பதால், சாமையும் உளுந்தும் அரைத்த இட்லியை வாரத்தில் இரண்டு நாள் துணிந்து சேர்க்கலாம், தொட்டுக்கொள்ளச் சட்னிக்குப் பதில் காய்கறி நிறைந்த சாம்பார் இருந்தால்.